அறிகுறியிலிருந்து விடைக்கு: வீடியோ எடிட்டர்கள் இணையத்தில் உதவி தேடும் முறை

"வீடியோ ஓப்பன் ஆகவில்லை, யாராவது உதவுங்கள்." உதவி மன்றங்களில் இப்படி ஒற்றை வரியில் கேட்ட கேள்விகள் பதில் இல்லாமலே கிடக்கும். அதே சிக்கலை இப்படி எழுதிப் பாருங்கள்: "டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, விண்டோஸ் 11. கேமரா கோப்பு எச்.265, 10 பிட், 4:2:2. டைம்லைனில் ஒலி வருகிறது, படம் வரவில்லை." இதைப் படிக்கும் எவரும் ஒரே பார்வையில் காரணத்தைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் கேட்கவே தேவையிருக்காது, இந்தச் சொற்களை அப்படியே தேடுபொறியில் போட்டாலே விடை முதல் பக்கத்தில் வந்துவிடும்.

எடிட்டிங் சிக்கல்களில் மிகப் பலவற்றுக்கு இணையத்தில் ஏற்கெனவே விடை இருக்கிறது. கண்ணில் படும் அறிகுறிக்கு அந்தத் துறையில் என்ன பெயர் என்று தெரியாததால்தான் அது கைக்கு எட்டுவதில்லை. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணம், சோதிக்கும் வழி, சரிசெய்யும் முறை, தேட வேண்டிய சொல், தேட வேண்டிய இடம் ஆகியவற்றைச் சேர்த்தே சொல்கிறோம். தேடல் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் தேடும்போது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

எதற்கும் முன்னால்: கோப்புக்குள் என்ன இருக்கிறது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். சிக்கல் தரும் கோப்பை அதில் இழுத்துப் போட்டு, வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வருகிற பட்டியலில் ஐந்து வரிகள் முக்கியம்: ஃபார்மேட் (எச்.264 அங்கே ஏவிசி என்றும், எச்.265 ஹெச்இவிசி என்றும் இருக்கும்), பிட் டெப்த் (8 பிட், 10 பிட் என்ற நிற நுட்பம்), குரோமா சப்சாம்பிளிங் (4:2:2 போன்ற நிறச் சுருக்க அளவு), ஃபிரேம் ரேட் மோட் (வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை சீரானதா, மாறுவதா), ஒலியின் ஃபார்மேட்டும் சாம்பிளிங் ரேட்டும்.

எம்பி4, மூவ், எம்கேவி என்ற பெயர்கள் வெறும் உறைகள். ஒரே எம்பி4 உறைக்குள் எந்த மென்பொருளிலும் திறக்கும் எச்.264-ம் இருக்கலாம், பாதி மென்பொருள்களில் திறக்காத 10 பிட் எச்.265-ம் இருக்கலாம். "எம்பி4 திறக்கவில்லை" என்று தேடினால் தொடர்பில்லாத ஆயிரம் பக்கங்கள் வருவது இதனால்தான்.

கூடவே மென்பொருளின் முழுப் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அபவுட் பக்கத்தில் இருக்கும். "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று எழுதினால், மூன்று மாதம் கழித்துப் படிப்பவருக்கு அது எந்தப் பதிப்பு என்று தெரியாது.

அறிகுறி: ஒலி வருகிறது, படம் வரவில்லை, அல்லது படம் வருகிறது, ஒலி இல்லை

கோப்பில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் கோடெக்கை (படத்தையும் ஒலியையும் சுருக்கிய முறையை) திறக்கும் வசதி உங்கள் பதிப்பில் இல்லை என்பதே வழக்கமான காரணம். விஎல்சியில் ஓடுகிறதே என்று கேட்கலாம். விஎல்சி தன் சொந்த டிகோடர்களைக் கொண்டு ஓட்டுகிறது, எடிட்டிங் மென்பொருளுக்கு அவை பயன்படுவதில்லை. இதே காரணத்தால் "கோடெக் பேக்" என்று இணையத்தில் கிடைப்பவற்றை நிறுவுவதிலும் பயனில்லை. அடோபியின் பிரீமியரும் ரிசால்வும் தங்களோடு வரும் டிகோடர்களையும் கிராபிக்ஸ் கார்டையும்தான் நம்புகின்றன.

ரிசால்வ் என்றால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் "சப்போர்ட்டட் கோடெக் லிஸ்ட்" என்ற ஆவணம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பிரித்து, இலவசப் பதிப்பில் எது திறக்கும், ஸ்டூடியோ பதிப்பில் எது திறக்கும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். மீடியாஇன்ஃபோ தந்த ஐந்து வரிகளை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. லினக்ஸில் ரிசால்வ் வைத்திருப்போர் இதை முதலில் பார்க்க வேண்டும். இலவசப் பதிப்பில் எச்.264 திறக்காததும், ஏஏசி ஒலி வராததும் அங்கே பல பதிப்புகளாகத் தொடர்ந்துவந்த தொல்லை.

சரிசெய்ய ஷட்டர் என்கோடர் என்ற கோப்பு மாற்றி போதும், அதுவும் இலவசம். 10 பிட் கோப்பு என்றால் எடிட்டிங்குக்கென்றே உருவான கோடெக்குகளான டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் அல்லது புரோரெஸ் 422-க்கு மாற்றுங்கள். டிஎன்எக்ஸ்எச்ஆரில் எல்பி, எஸ்கியூ, எச்கியூ மூன்றும் 8 பிட்தான். அவசரத்தில் எச்கியூ கொடுத்துவிட்டால் லாக் முறையில் (பின்னர் நிறம் திருத்துவதற்காக வெளிறலாகப் பதியும் முறை) எடுத்த வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். ஒலி மட்டும் வரவில்லை என்றால் படத்தைத் தொடவே வேண்டாம். படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் சுருக்காத பிசிஎம் ஆக்கி மூவ் உறையில் போடலாம். சில நிமிட வேலை, படத்தின் தரம் துளியும் குறையாது.

எம்கேவி கோப்பைப் பிரீமியரின் பல பதிப்புகள் ஏற்பதில்லை. ஓபிஎஸ் (திரைப் பதிவு மென்பொருள்) வைத்துப் பதிவு செய்தது என்றால் ஓபிஎஸ்ஸிலேயே ஃபைல் மெனுவில் "ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" இருக்கிறது. அது உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றித் தரும்.

திரை முழுக்கச் சிவப்பாக "மீடியா ஆஃப்லைன்" என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் இடம். கோப்புறையின் பெயர் மாறியிருக்கும், அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கின் டிரைவ் எழுத்து மாறியிருக்கும். ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து "ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ்", பிரீமியரில் "லிங்க் மீடியா". இடம் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே வந்தால் மேலே சொன்ன கோடெக் சிக்கலுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: பேச்சும் உதடும் ஒட்டவில்லை

ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கம்பி இணைத்த ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவது இயல்பு. எடிட்டே செய்யத் தேவையில்லாத ஒன்றை இழுத்து இழுத்துச் சரிசெய்து, எக்ஸ்போர்ட்டில் உண்மையாகவே பிசகச் செய்துவிட வேண்டாம்.

அதிலும் பிசகு இருந்தால், தொடக்கத்தில் எவ்வளவு விலகல், முடிவில் எவ்வளவு விலகல் என்று அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் கிளிப்பை நகர்த்தினால் சரியாகிவிடும். போகப் போக விலகல் கூடுகிறது என்றால் ஃபிரேம் ரேட்டிலோ சாம்பிள் ரேட்டிலோ பொருத்தமின்மை இருக்கிறது. எந்த அளவில் கூடுகிறது என்பதே எந்தக் கோளாறு என்று காட்டிக்கொடுக்கும்:

- ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.6 வினாடி: 29.97-ஐ 30 என்றோ, 23.976-ஐ 24 என்றோ மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் வேறுபாடு 0.1 சதவீதம்.
- மணிக்கு இரண்டரை நிமிடம் அளவுக்கு: 24-க்கும் 25-க்கும் இடையே குழப்பம்.
- மணிக்கு ஐந்து நிமிடத்தை நெருங்குகிறது, குரலும் கீச்சென்று ஆகியிருக்கிறது: 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி 48 என்று வாசிக்கப்படுகிறது.
- மணிக்குச் சில ஃபிரேம்கள் மட்டும்: தனி ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் மிக நுட்பமாக வேறுபடுகின்றன. இது கோளாறே அல்ல. பேச்சில் இடைவெளி வரும் இடங்களில் ஒலியை வெட்டி ஓரிரு ஃபிரேம் தள்ளிவைத்தால் போதும்.
- ஒழுங்கே இல்லாமல், ஓர் இடத்தில் முந்தி இன்னோர் இடத்தில் பிந்தி: வேரியபிள் ஃபிரேம் ரேட்.

கடைசியாகச் சொன்னதுதான் இன்று மிக அதிகமாகக் கண்ணில் படுவது. கைபேசிகளும் ஜூம் போன்ற கூட்டச் செயலிகளும் ஒரு வினாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால், கைபேசியின் சிப்புக்குச் சூடு ஏறினால், இணையம் தடுமாறினால் ஃபிரேம் எண்ணிக்கை மாறும். எடிட்டிங் டைம்லைனோ சீரான அடியில் ஓடுவது. மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் "வேரியபிள்" என்று இருந்தால் உறுதி. தேட வேண்டிய சொல்லும் அதுவே. "ஆடியோ சின்க் பிராப்ளம்" என்று தேடினால் டிவி பெட்டி பழுது வரை எல்லாம் வரும்.

பிரீமியர் புரோ 2018 முதல் இத்தகைய கோப்புகளைத் தாங்குகிறது. புராஜெக்ட் பேனலில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் கன்ட்ரோல்ஸைத் திறந்தால் "பிரிசர்வ் ஆடியோ சின்க்" என்ற தேர்வு தெரியும். அப்படியும் நீண்ட பதிவுகளில் பிசகலாம். நம்பகமான வழி, டைம்லைனில் வைப்பதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றியில் சீராக்கிக்கொள்வதுதான்:

1. கோப்பைத் திறந்து, முன்னமைவுகளில் "புரொடக்ஷன்" பிரிவில் "புரொடக்ஷன் ஸ்டாண்டர்ட்" எடுங்கள். வழக்கமாக முதலில் நிற்கும் "ஃபாஸ்ட் 1080பி30" வேண்டாம். அது 4கே படத்தைச் சத்தமில்லாமல் 1080-க்குச் சுருக்கிவிடும், ஃபிரேம் ரேட்டையும் சீராக்காது.
2. வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் ரேட்டில் உங்கள் டைம்லைனின் எண்ணைக் கொடுங்கள். "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.
3. தர அளவை, அதாவது ஆர்எஃப் எண்ணை, 16 முதல் 18-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.
4. முடிந்ததும் புதிய கோப்பை மீடியாஇன்ஃபோவில் போட்டு "கான்ஸ்டன்ட்" என்று வந்ததா பாருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

எடிட் ஏற்கெனவே பாதி முடிந்திருந்தால், புதிய கோப்புக்குப் பழைய பெயரையே கொடுத்து வேறு கோப்புறையில் வைத்து ரீலிங்க் செய்யலாம். வெட்டிய இடங்கள் சில ஃபிரேம் நகர்ந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

ரிசால்வில் இன்னொரு பொறி உண்டு. டைம்லைன் உருவானபின் புராஜெக்ட் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. புதிய டைம்லைன் உருவாக்கும்போது "யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்" என்ற குறியை எடுத்துவிட்டால் அந்த டைம்லைனுக்கு மட்டும் தனி ரேட் கொடுக்கலாம். கேமரா 25-லும் கைபேசி 30-லும் எடுத்த கல்யாண ஃபுட்டேஜைக் கலக்கிறவர்கள் முதல் கிளிப்பை இழுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

அறிகுறி: டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது

எச்.264-ம் எச்.265-ம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், இடையில் மாற்றங்கள் மட்டும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைக் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட மென்பொருள் முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இந்தக் கணக்கைக் கிராபிக்ஸ் சிப் எடுத்துக்கொண்டால் ஓடும். அது கைவிட்டால் திக்கும்.

எந்த வகைக் கோப்பை எந்த சிப் கையாளும் என்பதற்குப் புகெட் சிஸ்டம்ஸ் நிறுவனம் பிரீமியருக்கும் ரிசால்வுக்கும் தனித்தனியாக அட்டவணை வெளியிட்டிருக்கிறது. புதுக் கணினி வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 4:2:2 10 பிட் எச்.265-ஐ இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸ் திறக்கிறது. என்விடியாவில் அந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான், 2025-இல் வந்தது. ஆகவே விலை உயர்ந்த பழைய என்விடியா கார்டும், பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் சிப்பும் சேர்ந்தால் இந்தக் கோப்பு திக்கத்தான் செய்யும். எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்.

கணினியை மாற்றாமல் தீர்க்கப் பிராக்ஸிதான் வழி, அதாவது எடிட் செய்ய மட்டும் எடுக்கும், எளிதில் ஓடும் நகல். தேட வேண்டிய சொல் "பிராக்ஸி ஒர்க்ஃப்ளோ", கூடவே மென்பொருளின் பெயரும் பதிப்பும். பிரீமியர், ரிசால்வ், கேடென்லைவ் (திறந்த மூல எடிட்டர்) மூன்றிலும் இது உள்ளே இருக்கிறது. புரோரெஸ் பிராக்ஸி 1080-இல், 30 ஃபிரேமில், வினாடிக்கு 45 மெகாபிட்; அதாவது ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி. டிஸ்க்கில் அவ்வளவு இடமில்லை என்றால் 720-க்குக் குறையுங்கள். பிராக்ஸியில் நிறத் திருத்தம் மட்டும் செய்யாதீர்கள், அந்தக் கட்டத்தில் மூலக் கோப்புக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது

கோப்பு 4 ஜிபியை எட்டும்போதெல்லாம் நிற்கிறதா? நீங்கள் எழுதும் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. ஒரு கோப்புக்கு அதில் 4 ஜிபிதான் எல்லை. கணினியின் உள் டிஸ்க்குக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அல்லது டிரைவில் இருப்பதை நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா என்பது அடுத்த கேள்வி. வேறு வேறு இடம் என்றால் சூடு, நினைவகம், டிரைவர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே இடம் என்றால் அந்த இடத்தில் இருக்கும் ஒரு கிளிப்பையோ எஃபெக்டையோ.

பிரீமியர் பிழைச் செய்தியிலேயே டைம்கோடு இருக்கும், பலர் அதைப் படிப்பதில்லை. டைம்கோடு தராத மென்பொருளில் பாதியாக்கிப் பாதியாக்கித் தேடுங்கள். 40 நிமிட டைம்லைனில் முதல் 20 நிமிடத்தை மட்டும் இன், அவுட் குறித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முடிந்துவிட்டால் கோளாறு இரண்டாம் பாதியில். அதைப் பத்து பத்தாகப் பிரியுங்கள். ஆறாவது முறையில் 40 வினாடிக்கும் குறைந்த துண்டில் வந்து நிற்பீர்கள். அங்கே உள்ள எஃபெக்டை அணைத்துப் பாருங்கள், பிறகு கிளிப்பை மாற்றிப் பாருங்கள். கைபேசியிலிருந்து வந்த மிகப் பெரிய புகைப்படம் ஒன்று குற்றவாளியாக இருப்பது அடிக்கடி நடக்கும். அதை டைம்லைன் அளவுக்குச் சுருக்கி மறுபடி வையுங்கள்.

கோளாறு எஃபெக்டிலா, என்கோடரிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை: எச்.264-க்குப் பதில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முடிந்துவிட்டால் எஃபெக்ட் எதுவும் காரணமில்லை, எச்.264 என்கோடர்தான். பிரீமியரில் என்கோடிங் செட்டிங்ஸில் "ஹார்டுவேர்" என்பதை "சாஃப்ட்வேர்" ஆக்குங்கள். ரிசால்வில் என்கோடர் என்ற இடத்தில் "என்விடியா" என்பதை "நேட்டிவ்" ஆக்குங்கள். மெதுவாகும், ஆனால் முடியும். நாளை காலை ஒப்படைக்க வேண்டிய வேலை என்றால் சோதனைக்கு எடுத்த அந்தப் புரோரெஸ் கோப்பையே ஹேண்ட்பிரேக்கில் எச்.264 ஆக்கிக் கொடுத்துவிடலாம்.

"யுவர் ஜிபியு மெமரி இஸ் ஃபுல்" என்று ரிசால்வ் சொன்னால், அது கணினியின் ரேமைப் பற்றியதல்ல. கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகம். டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன், மேஜிக் மாஸ்க், சூப்பர் ஸ்கேல் மூன்றும் அதை அதிகம் விழுங்குகின்றன. அவை உள்ள கிளிப்புகளை முன்கூட்டியே ரெண்டர் கேஷ் செய்து (கணக்கிட்டுச் சேமித்து), டெலிவர் பக்கத்தில் "யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்" குறியைப் போட்டால் சுமை குறையும். என்விடியா வைத்திருப்போர் கேம் ரெடி டிரைவரை விட்டு ஸ்டூடியோ டிரைவருக்கு மாறுவதும் நல்லது.

அறிகுறி: எக்ஸ்போர்ட்டில் நிறம் வெளுத்துவிட்டது

மேக்கில் குயிக்டைமில் வெளிறி, விஎல்சியில் சரியாகத் தெரிந்தால் தேட வேண்டிய சொல் "குயிக்டைம் காமா ஷிஃப்ட்". கோப்பில் உள்ள நிறக் குறியை ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்வதால் வருவது இது. ரிசால்வில் மேக்கில் காட்டப்போகும் படத்துக்கு "ரெக்.709-ஏ" என்ற தேர்வு இருக்கிறது. பிரீமியரில் லுமெட்ரி என்ற நிறத் திருத்தப் பேனலின் செட்டிங்ஸில் "வியூயர் காமா" 1.96, 2.2, 2.4 என மூன்று அளவில் கிடைக்கிறது. அது நீங்கள் பார்க்கும் திரையை மட்டும் மாற்றுகிறது, கோப்பை மாற்றுவதில்லை. கிளையன்ட் எதில் பார்ப்பார் என்று முடிவு செய்து, அந்த அளவில் நிறம் திருத்துங்கள். வெளிறலை ஈடுகட்ட கான்ட்ராஸ்டைக் கூட்டி அனுப்பினால் டிவியில் கறுத்துப்போகும்.

ஐபோன் 12 முதல் எடுத்த படம் பிரீமியரில் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக வந்தால் அது எச்டிஆர், அதாவது வழக்கத்தைவிட அதிக ஒளி வீச்சில் பதிந்த படம். "இன்டர்பிரட் ஃபுட்டேஜ்" திறந்து கலர் ஸ்பேஸை ரெக்.709-க்கு (வழக்கமான எச்டி திரைகளின் நிற அளவுகோல்) மாற்றுங்கள். அடுத்த படப்பிடிப்புக்கு முன் போனின் கேமரா அமைப்பில் ரெக்கார்ட் வீடியோ என்ற இடத்தில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

நிறம் சார்ந்த ஆழமான கேள்விகளுக்கு லிஃப்ட் காமா கெயின் மன்றம் சிறந்தது. தொழில்முறைக் கலரிஸ்டுகள் பேசும் இடம். அங்கே கேட்பதற்கு முன் பழைய உரையாடல்களைத் தேடிப் படியுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

இதற்கு ஆங்கிலத்தில் தேடினால் அரபுக்கும் இந்திக்கும் எழுதிய விடைகளே முன்னால் வரும், அவையே நமக்கும் பொருந்தும். தேட வேண்டிய சொல் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் ஷேப்பிங்". உடைவதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

"கொ" என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம் போகாமல் க-வுக்குப் பின்னால் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் தெரிகிறது என்றால் தலைப்புக் கருவிக்கு எழுத்தை அடுக்கத் தெரியவில்லை. யூனிகோடில் "கொ" என்பது க, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பது மென்பொருளின் வேலை. பிரீமியரில் பிரிஃபரன்சஸ், கிராபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை "சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" ஆக மாற்றுங்கள். பழைய தலைப்பைத் திருத்துவதைவிடப் புதிய எழுத்து அடுக்கு ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். கேடென்லைவின் தலைப்புக் கருவி தமிழைச் சரியாகவே அடுக்கும். வேறெந்தக் கருவியும் ஒத்துவரவில்லை என்றால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து டைம்லைனில் வைக்கலாம். எந்தப் பதிப்பிலும் உடையாத வழி அது.

எழுத்துரு மாற்றியதும் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவா? அது யூனிகோடே அல்ல, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன, என்எச்எம் கன்வர்ட்டர் அவற்றில் ஒன்று. மாற்றியபின் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற யூனிகோடு எழுத்துருக்களில் போட்டு, பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ற, ர, கால் ஆகியவற்றின் குழப்பங்களும் மெய்ப்புள்ளி விடுபடுவதும் அங்கேதான் நுழையும்.

மூன்றாவது, சப்டைட்டில் கோப்பில் எல்லாம் கேள்விக்குறியாக வருவது. எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்து, சேவ் அஸ் கொடுத்து, என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, முந்தைய நகலுக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி: பதிவு செய்த கோப்பே திறக்கவில்லை

பதிவின் நடுவில் மின்சாரம் போனாலோ பேட்டரி தீர்ந்தாலோ எம்பி4-இன் பொருளடக்கப் பகுதி எழுதப்படாமல் போகும். "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" என்ற செய்தி அதைத்தான் சொல்கிறது. படமும் ஒலியும் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. அந்த மெமரி கார்டில் மேலும் எதையும் பதியாதீர்கள். கோப்பை நகலெடுத்துவிட்டு "அன்ட்ரங்க்" என்ற திறந்த மூல மென்பொருளைத் தேடுங்கள். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கேட்கும். வேறு கேமராவின் கோப்பைக் கொடுத்தால் வேலை செய்யாது. ஓபிஎஸ்ஸில் பதிவோர் எம்கேவியிலோ, 30.2 பதிப்பில் வந்த ஹைப்ரிட் எம்பி4-இலோ பதிந்தால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி: யூடியூபில் ஏற்றியதும் மங்கிவிட்டது

முதலில் காத்திருங்கள். ஏற்றிய உடனே குறைந்த தரமே கிடைக்கும், உயர்தரம் தயாராக நேரமாகும். அதன்பின்னும் மங்கல் என்றால் யூடியூப் உதவிப் பக்கத்தின் பரிந்துரையோடு உங்கள் பிட்ரேட்டை (வினாடிக்கு எத்தனை மெகாபிட்) ஒப்பிடுங்கள்: 1080-க்கு 30 ஃபிரேமில் 8 மெகாபிட், 60 ஃபிரேமில் 12, 4கே-க்கு 30 ஃபிரேமில் 35 முதல் 45 வரை.

அறிகுறி: மென்பொருளே திறக்கவில்லை, அல்லது புராஜெக்ட் காணோம்

பிரீமியரைத் திறக்கும்போது ஆல்ட் விசையை (மேக்கில் ஆப்ஷன்) அழுத்திப் பிடித்தால் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகலாம். திறந்ததும் மீடியா கேஷை அழித்துவிடுங்கள். கேடென்லைவில் ஹெல்ப் மெனுவில் "ரீசெட் கான்ஃபிகரேஷன்" இருக்கிறது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ரிசால்வ் திறந்து உடனே மூடினால், விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் ரிசால்வுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள்.

தொலைந்த புராஜெக்டுக்கு: பிரீமியரில் புராஜெக்ட் கோப்பின் பக்கத்திலேயே ஆட்டோ சேவ் கோப்புறை இருக்கும். ரிசால்வில் புராஜெக்ட் மேனேஜரில் பெயரின் மேல் வலது கிளிக் செய்து "புராஜெக்ட் பேக்கப்ஸ்". ரிசால்வின் புதிய பதிப்புக்குப் போவதற்கு முன் புராஜெக்ட் லைப்ரரியை (முன்பு டேட்டாபேஸ் என்று பெயர்) பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். புதியதில் திறந்த புராஜெக்ட் பழையதில் திறக்காது. நடுவேலையில் பதிப்பை மாற்றாதீர்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்

பிழைச் செய்தியை இரட்டை மேற்கோளுக்குள் அப்படியே போட்டுத் தேடுங்கள். அதில் உங்கள் கோப்பின் பெயரும் பாதையும் இருந்தால் நீக்கிவிடுங்கள், உலகில் வேறெவரிடமும் அந்தப் பெயர் இருக்காது. "சைட்" என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளியில்லாமல் இணையதளத்தின் முகவரி என்று சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். விடையின் தேதியைப் பாருங்கள். பிரீமியரின் எக்ஸ்போர்ட் திரை 2022 ஏப்ரலில் முற்றிலும் மாறியது. அதற்கு முந்தைய வீடியோ பாடத்தைப் பார்த்து மெனுவைத் தேடினால் கிடைக்காது, ஆனால் உள்ளே இருக்கும் தத்துவம் பழசாகவில்லை.

ரிசால்வ் கேள்விகளுக்குப் பிளாக்மேஜிக் மன்றம், பிரீமியருக்கு அடோபி கம்யூனிட்டி, கேடென்லைவுக்குக் கேடிஈ-யின் டிஸ்கஸ் தளம். கோடெக், உறை மாற்றம், பழைய டேப் போன்றவற்றுக்கு வீடியோஹெல்ப் மன்றத்தை மிஞ்ச ஆளில்லை. ரெடிட்டில் எடிட்டர்ஸ் குழு தொழில்முறையாளருக்கானது, தொடக்க நிலைக் கேள்விகளை நீக்கிவிடுவார்கள். அவற்றை வீடியோ எடிட்டிங் குழுவில் கேளுங்கள். ஓய்வு கிடைக்கும்போது படிக்க, பிளாக்மேஜிக்கின் பயிற்சிப் பக்கத்தில் பாடநூல்களும் பயிற்சி ஃபுட்டேஜும் இலவசம். ரிசால்வின் ஹெல்ப் மெனுவில் உள்ள கையேடு 4,000 பக்கங்களுக்கு மேல். முழுவதும் படிக்க வேண்டியதில்லை, அதற்குள்ளேயே சொல் தேடுங்கள்.

கேள்வியில் இவை இருக்கட்டும்: இயங்குதளம், மென்பொருளின் பதிப்பு, கிராபிக்ஸ் கார்டும் டிரைவர் எண்ணும், மீடியாஇன்ஃபோவின் எழுத்து வடிவம், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, இதுவரை முயன்றவை என்ன. திரையைக் கைபேசியில் படம்பிடிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரிசால்வ் என்றால் ஹெல்ப் மெனுவில் "கிரியேட் டயக்னாஸ்டிக்ஸ் லாக் ஆன் டெஸ்க்டாப்" கொடுத்து வரும் கோப்பையும் இணையுங்கள். மாதிரிக் கிளிப் கேட்டால் லாஸ்லெஸ்கட் மூலம் பத்து வினாடி வெட்டிக் கொடுங்கள். அது மறுபடி என்கோடு செய்யாமல் வெட்டுவதால் கோளாறும் அப்படியே உள்ளே இருக்கும். கிளையன்ட்டின் முகம் தெரியும் பகுதியைக் கொடுக்காதீர்கள். அதே கேமராவில் சுவரைப் படம்பிடித்தாலும் போதும்.

"எனிடெஸ்க் எண் கொடுங்கள், நானே சரிசெய்கிறேன்" என்று தனிச்செய்தியில், தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்கக் கேட்டு வருவோருக்குப் பதில் எழுத வேண்டாம். நல்ல உதவி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரும், தவறாகச் சொன்னால் இன்னொருவர் அங்கேயே திருத்துவார். டிரைவர் அப்டேட் செய்து தருவதாகத் தேடல் விளம்பரங்களில் வரும் மென்பொருள்களையும் நிறுவாதீர்கள். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தே இறக்குங்கள். கிடைத்த விடையை அப்படியே வேலையில் இருக்கும் புராஜெக்டில் போட்டுவிடாமல், சேவ் அஸ் கொடுத்து எடுத்த நகலில் ஒரு நிமிடத் துண்டை எக்ஸ்போர்ட் செய்து, அதை வேறொரு கணினியிலும் ஒரு கைபேசியிலும் ஓட்டிப் பார்த்தபின் முழு வேலைக்குப் பயன்படுத்துங்கள்.